கட்டுப் பிரித்த பிறகுதான் வைத்தியமே ஆரம்பம்! - அம்மாவின் மணிக்கட்டு சொன்ன கதை

மார்கழி மாதத்து விடியற்காலை. கும்பகோணம் சார்ங்கபாணி கோயில். தீர்த்தத்துக்காக அம்மா வலது கையை நீட்டினார். பட்டர் உத்தரணியால் எடுத்து ஊற்ற, உள்ளங்கையில் தேங்க வேண்டிய தீர்த்தம் சுண்டுவிரல் பக்கமாக வழிந்து தரையில் சிந்தியது.

"கையை நன்னா ஏந்திக்கோங்கோ" என்றார் பட்டர்.

அம்மா ஏந்தித்தான் நின்றார். கைதான் திரும்பவில்லை.

மாவுக்கட்டு பிரித்து அன்றைக்கு 4 நாள்தான் ஆகியிருந்தது. எலும்பு கூடிவிட்டது, எக்ஸ்-ரே நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அதோடு எல்லாம் முடிந்தது என்று வீட்டில் எல்லோரும் நினைத்துவிட்டோம். அந்தக் கையை எலும்பு கூடிய கை என்பதிலிருந்து வேலை செய்கிற கை என்பதற்குக் கொண்டுவர இன்னும் 8 மாதங்கள் ஆகப்போகின்றன என்பது யாருக்கும் தெரியாது. அந்த 8 மாதங்களில் அம்மா இரண்டு முறை பயிற்சியை விட்டுவிட்டார். ஒருமுறை வலி போய்விட்டது என்பதால். இன்னொரு முறை 3 நாள் தவறிவிட்டது என்பதால். உங்கள் வீட்டிலும் முழங்கால், தோள்பட்டை, முதுகு என்று ஏதோ ஒன்றுக்காக யாராவது உடற்பயிற்சி ஆரம்பித்து விட்டிருந்தால், காரணம் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்.

கை ஊன்றியதால் வந்த வினை

அம்மாவுக்கு வயது 63. தம்பி குடும்பத்தோடு கும்பகோணத்தில் இருக்கிறார். ஐப்பசி அடைமழையில் கொல்லைப்புறத்துத் துவைக்கிற கல் பக்கம் பாசி பிடித்திருந்தது. வழுக்கிய வேகத்தில் வலது கையை ஊன்றினார். மணிக்கட்டுக்கு மேலே எலும்பு முறிந்து, முள்கரண்டியைக் கவிழ்த்து வைத்ததுபோல் கை வளைந்துவிட்டது.

வயதான பெண்களுக்கு மிகச் சாதாரணமாக ஏற்படுகிற முறிவு இது. டப்ளின் நகரத்து அறுவை சிகிச்சை மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் 1814-லேயே இதைப் பற்றி விரிவாக எழுதிவிட்டார். எக்ஸ்-ரே கண்டுபிடிக்கப்பட்டது 1895-ல். அதற்கு 81 வருடங்கள் முன்பே, கையைத் தொட்டும் பார்த்துமே முறிவு எங்கே என்று சொன்னவர். இன்றைக்கும் டாக்டர்கள் 'காலிஸ் ஃப்ராக்சர்' என்றுதான் எழுதுகிறார்கள்.

பெரியப்பா போன் செய்து புத்தூர் கட்டுக்கு அழைத்துப் போகச் சொன்னார். பக்கத்து வீட்டில் முட்டைப் பத்து போடச் சொன்னார்கள். நாங்கள் எலும்பு டாக்டரிடம் போனோம். எலும்பை இழுத்து நேராக்கி மாவுக்கட்டு போட்டார். 6 வாரம்.

இங்கே அம்மாவின் இன்னொரு பக்கத்தைச் சொல்ல வேண்டும். அவர் கைமுறுக்கு சுற்றுவார். அச்சில் பிழிகிற முறுக்கு இல்லை. பச்சரிசி மாவை உருட்டி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் திருகித் திருகி, துணி மேல் வட்டமாகச் சுற்றுகிற முறுக்கு. 3 சுற்று, 5 சுற்று, 7 சுற்று. தெரிந்த வீடுகளில் கல்யாணம் என்றால் சீர் முறுக்குக்கு அம்மாவுக்குத்தான் சொல்லி அனுப்புவார்கள். 30 வருடங்களாக அவர் கையில் புரண்ட சொந்தக் காசு அது. பேத்திக்கு வாங்கிய வெள்ளிக் கொலுசு, கோயில் உண்டியல், எனக்குத் தெரியாமல் என் கைப்பையில் திணித்த 500 ரூபாய், எல்லாம் முறுக்குக் காசு.

அந்தத் தை மாதம் 2 கல்யாண ஆர்டர் இருந்தது. அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

5 கிலோ கை

தீர்த்தம் சிந்திய கதையைத் தம்பி மனைவி போனில் சொன்ன பிறகுதான் நான் சென்னையிலிருந்து வந்து பிசியோதெரபிஸ்டிடம் அழைத்துப் போனேன். 30 வயதுகூட இருக்காத பெண். அம்மாவிடம் அவர் கேட்ட முதல் கேள்வி வலி பற்றியது இல்லை.

"இந்தக் கையால என்னம்மா செய்யணும் உங்களுக்கு?"

"முறுக்கு சுத்தணும்."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. கேஸ் ஷீட்டில் அப்படியே எழுதிக்கொண்டார்.

பிறகு கையில் ஒரு கருவியைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். பிடியின் வலுவைக் கிலோவில் காட்டும் கருவி. வலது கை 5 கிலோ. அது எதிர்பார்த்ததுதான். இடது கையையும் பார்த்தார். 16.

"இந்தக் கைல அடி எதுவும் படலையே?"

"இல்லையேம்மா."

"இதுவும் குறைச்சல்தான்."

ஆசிய நாடுகளின் நிபுணர் குழு ஒன்று 2019-ல் வெளியிட்ட வரையறைப்படி, பிடிவலு பெண்களுக்கு 18 கிலோவுக்குக் கீழேயும் ஆண்களுக்கு 28 கிலோவுக்குக் கீழேயும் இருந்தால் தசைவலு குறைந்துவிட்டது என்று பொருள். அதாவது, விழுவதற்கு முன்பே அம்மாவின் உடம்பில் வலு குறையத் தொடங்கியிருக்கிறது. வீட்டு வேலை செய்கிறோமே, அதுவே பயிற்சிதானே என்று நினைத்திருந்தோம். கிரைண்டர், வாஷிங் மெஷின், மிக்ஸி எல்லாம் வந்த பிறகு வீட்டு வேலையில் களைப்பு குறையவில்லை, கைக்கு வேலை குறைந்துவிட்டது.

இன்னொன்றும் சொன்னார். நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே 50 வயதைக் கடந்த ஒரு பெண்ணின் மணிக்கட்டு முறிகிறது என்றால், அதை வெறும் விபத்தாக விட்டுவிடக் கூடாது. எலும்பின் அடர்த்தி குறைந்திருக்கலாம். அடுத்த முறிவு இடுப்பிலோ முதுகெலும்பிலோ வராமல் இருக்க, 'டெக்ஸா ஸ்கேன்' எடுத்துப் பார்க்கலாமா, கால்சியமும் வைட்டமின் டி-யும் தேவையா என்று டாக்டரிடம் கேட்டுவிடுவது நல்லது. நாங்கள் கேட்டோம், எடுத்தோம், மாத்திரை ஆரம்பித்தோம். அது தனிக் கதை.

கரண்டியும் கோதுமை மாவும்

கொடுத்த பயிற்சிகள் பார்க்க மிகச் சாதாரணமானவை. பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் 10 நிமிடம் கையை வைக்க வேண்டும். பிறகு மேஜை ஓரத்தில் முன்கையைப் படுக்க வைத்து, மணிக்கட்டை மேலே தூக்கிக் கீழே இறக்க வேண்டும். விரல்களை முழுதாக நீட்டி, பிறகு கொக்கி போல மடக்கி, பிறகு முழுதாக மூட வேண்டும். கட்டைவிரலால் ஒவ்வொரு விரல் நுனியையும் தொட வேண்டும்.

தீர்த்தத்துக்கான பயிற்சிதான் சுவாரஸ்யம். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, நீளமான கரண்டியைக் கையில் நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். அதை மெல்ல வெளிப்பக்கம் சாய்த்தால் உள்ளங்கை வானம் பார்க்கும். உள்பக்கம் சாய்த்தால் பூமி பார்க்கும். கரண்டியின் கனமே கையைத் திருப்பிக் கொடுக்கும். முழங்கை விலாவை விட்டுப் போனால் கணக்கில் சேராது. ஏனென்றால் தோள்பட்டை மணிக்கட்டுக்காகப் பொய் சொல்ல ஆரம்பித்துவிடும். "உடம்பு பெரிய திருடும்மா, எந்தப் பக்கம் சுலபமோ அந்தப் பக்கம் போயிடும்" என்றார் பிசியோதெரபிஸ்ட்.

மூன்றாவது வாரம் சப்பாத்தி மாவு. பிசையச் சொல்லவில்லை, கையில் வைத்து இறுக்கி இறுக்கி விடச் சொன்னார். ஸ்பாஞ்ச் பந்தைவிட அம்மாவுக்கு இது பிடித்திருந்தது. பயிற்சி முடிந்தால் ராத்திரிக்குச் சப்பாத்தி.

10 சிட்டிங் போனார். வலி குறைந்தது. சாப்பிட முடிந்தது. புடவைக் கொசுவம் மடிக்க வந்தது. தை மாதம் பாதியில் பயிற்சியை நிறுத்திவிட்டார். எனக்குப் போனில் சொன்னது: "இப்ப நல்லாதாண்டி இருக்கு. வலியே இல்ல. எதுக்கு வீணா ஆட்டோ செலவு?"

நானும் சரி என்றேன். நான் செய்த தவறு அது. அதைவிடப் பெரிய தவறு ஒன்றையும் குடும்பமாகச் சேர்ந்து செய்துகொண்டிருந்தோம். அம்மா வாளியைத் தூக்கப் போனால் தம்பி ஓடிவந்து வாங்கிக்கொள்வான். காய் நறுக்க உட்கார்ந்தால் தம்பி மனைவி "நீங்க விடுங்கத்தை" என்பாள். நான் ஊருக்குப் போனால் டம்ளரைக்கூட எடுக்க விடமாட்டேன். எல்லாம் பாசம்தான். ஆனால் அந்தக் கைக்கு வேலையே இல்லாமல் செய்துவிட்டோம். மிச்சம் மீதி இருந்ததையும் இடது கை எடுத்துக்கொண்டது.

மாசி மாதம் ஒரு மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாத நேரம். சோற்றுப் பானையைக் கஞ்சி வடிக்கக் கவிழ்த்தபோது வலது கைப்பிடி நழுவியது. கொதிக்கிற கஞ்சி காலுக்கு ஒரு சாண் தள்ளி ஊற்றியது. அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரி அவரே போன் செய்து, "அந்தப் பொண்ணுகிட்ட மறுபடியும் நேரம் கேட்டுச் சொல்லு" என்றார்.

வலி போனால் வலு வந்ததாக அர்த்தமா?

இல்லை. இது இரண்டும் வேறு வேறு என்பதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

கட்டுப் போட்ட முதல் 2 வாரங்களிலேயே தசை மெலியத் தொடங்கிவிடுகிறது. அது திரும்பி வருவது அத்தனை வேகமாக இல்லை. பயிற்சி ஆரம்பித்த முதல் சில வாரங்களில் கைக்குச் சற்று வலு வந்ததுபோல் தெரியும். பெரும்பாலும் அது தசை வளர்ந்ததால் இல்லை. மூளையும் நரம்பும் அந்தத் தசையை வேலைக்கு அழைக்க மறுபடி கற்றுக்கொண்டதால். உண்மையில் தசை கனத்து வளர்வது அதற்குப் பிறகு, மாதக் கணக்கில் நடக்கிற வேலை. தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண் இன்னும் மெதுவாக உறுதிப்படும். எலும்போ, கூடிய பிறகும் பல மாதங்களுக்குத் தன்னைத் திருத்திக்கொண்டே இருக்கும். எலும்பு தன்மேல் விழும் சுமைக்கேற்பத் தன் அமைப்பை மாற்றிக்கொள்கிறது என்று ஜெர்மன் மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892-ல் எழுதினார். சுமையே இல்லாவிட்டால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளும். அதாவது மெலியும்.

ஆக, வலி போகிற நேரமும் வலு வரத் தொடங்குகிற நேரமும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்துவிடுகின்றன. வலி போனதும் நாம் எழுந்து போய்விடுகிறோம். மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்தவர்களும், தோள்பட்டை இறுகிப்போன சர்க்கரை நோயாளிகளும், முழங்கால் தேய்மானத்துக்குத் தொடைத் தசைப் பயிற்சி செய்பவர்களும் எழுந்து போகிற இடம் பெரும்பாலும் இதுதான்.

சரி, 63 வயதில் வலு வருமா? அம்மாவுக்கு இந்தச் சந்தேகம் பலமாக இருந்தது. "பொறக்கும்போது குடுத்தது அவ்வளவுதான்" என்பார். 1990-ல் வெளியான ஓர் ஆய்வை நான் அவருக்குப் படித்துக் காட்டினேன். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் முதியோர் இல்லத்தில் இருந்த 90 வயதையொட்டிய 10 பேருக்கு, மரியா ஃபியாடரோன் என்ற மருத்துவரின் குழு கால் தசைகளுக்கு எடைப் பயிற்சி கொடுத்தது. சும்மா கையைக் காலை ஆட்டுகிற பயிற்சி இல்லை, நிஜமாகவே கனமான எடை. 8 வாரம் முழுதாக முடித்தவர்கள் 9 பேர். அவர்களுடைய கால் வலு சராசரியாக 174 சதவிகிதம் கூடியிருந்தது. 90 வயதில்!

"சரி, அப்புறம்?" என்றார் அம்மா.

அப்புறம்தான் முக்கியம். பயிற்சியை நிறுத்திய 4 வாரங்களில், அந்த வலுவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருந்தது.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கரண்டியை எடுத்துக்கொண்டார்.

மண்டலம் முறிந்த கதை

இந்த முறை அவராகவே ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு மண்டலம். 48 நாள். கோயிலுக்கு வேண்டிக்கொள்கிற மாதிரி, கைக்கு வேண்டிக்கொண்டார். சமையலறையில் பால் கணக்கு எழுதுகிற மாதக் காலண்டரில், பயிற்சி செய்த நாளெல்லாம் ஒரு வட்டம். காலையில் டிகாக்‌ஷன் இறங்குகிற நேரத்தில் வெந்நீரும் கரண்டியும். சாயங்காலம் சீரியலில் விளம்பரம் வரும்போது மாவு உருண்டை. புதிதாக நேரம் ஒதுக்கவே இல்லை. ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒன்றின் முதுகில் இதை ஏற்றிவிட்டார். எந்தப் புத்தகமும் படிக்காமல் அம்மா செய்த புத்திசாலித்தனமான காரியம் இது.

19 வட்டம் வரை போனது. 20-வது நாள் திருவாரூரில் ஒரு துக்கம். 3 நாள் வீட்டில் இல்லை. திரும்பி வந்தவர் காலண்டரைப் பார்த்தார். கரண்டியை ஸ்டாண்டில் மாட்டிவிட்டார்.

"மண்டலம் முறிஞ்சுபோச்சு. இனி முதல்லேர்ந்துதான். பங்குனி பொறக்கட்டும்."

பங்குனி பிறக்க இன்னும் சில நாள் இருந்தது. பங்குனி பிறந்தது. அன்றைக்கு ராகுகாலம் என்றார், மறுநாள் விருந்தாளி. அப்படியே 2 வாரம்.

பிசியோதெரபிஸ்டிடம் வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டார். அந்தப் பெண் கேட்டார்: "அம்மா, பிரஷர் மாத்திரை போடுறீங்கல்ல? திருவாரூர் போன 3 நாள்ல ஒருநாள் மறந்திருப்பீங்கல்ல?"

"ஆமா."

"அதுக்காக மாத்திரை டப்பாவைத் தூக்கிப் போட்டுட்டு, அடுத்த மாசம் பொறக்கட்டும்னு இருந்தீங்களா?"

விரதம் என்பது ஒருநாள் தப்பினால் முறிகிற விஷயம். பயிற்சி அப்படி இல்லை. தசைக்கு நாள் கணக்கு தெரியாது. 19 நாள் செய்ததை 3 நாள் விடுமுறை அழித்துவிடுவதில்லை. அழிப்பது, அதற்குப் பிறகு நல்ல நாள் பார்த்துக் காத்திருக்கிற 2 வாரம்தான்.

இதைப் பற்றி லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி என்பவரும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வு பிரபலம். 96 பேரை 12 வாரங்கள் கவனித்தார்கள். ஆளுக்கொரு புதுப் பழக்கம். யோசிக்காமல் தானாகச் செய்கிற அளவுக்கு அது படிய சராசரியாக 66 நாட்கள். ஆனால் ஆளுக்கு ஆள் வித்தியாசம் எக்கச்சக்கம். குறைந்தது 18 நாள், அதிகபட்சக் கணக்கு 254 நாள். '21 நாளில் எந்தப் பழக்கமும் வந்துவிடும்' என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி, 22-வது நாள் தன்னையே திட்டிக்கொள்பவர்களுக்கு இது ஆறுதல். அந்த ஆய்வில் தெரிந்த இன்னொரு விஷயம், நடுவில் ஒருநாள் விட்டுப்போனது பழக்கம் படிவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை.

இதற்குப் பிறகு அம்மாவின் காலண்டர் முறை மாறியது. மண்டலக் கணக்கு போனது. வட்டம் மட்டும் இருந்தது. கூடவே, முடியாத நாளுக்கென்று ஒரு குட்டிக் கணக்கு. காய்ச்சல், விருந்தாளி, வெளியூர், மனசு சரியில்லை, எதுவாக இருந்தாலும் கரண்டித் திருப்பல் 5 தடவை. 2 நிமிடம்கூட ஆகாது. அன்றைக்குப் பாதி வட்டம். 'இதனால் என்ன பிரயோஜனம்' என்று கேட்டேன். "நாளைக்கு மறுபடியும் ஆரம்பிக்க வேண்டாம்ல" என்றார் அம்மா.

கூட்டாமல் செய்தால் கூடாது

தினமும் தவறாமல் செய்கிறேன், முன்னேற்றமே இல்லையே என்பவர்களும் இருக்கிறார்கள். 6 மாதமாக அதே ஸ்பாஞ்ச் பந்து, அதே 10 தடவை. தொடர்ச்சி இருக்கிறது, சுமை கூடவில்லை.

இரண்டாம் உலகப் போரின்போது சிகாகோ ராணுவ மருத்துவமனையில் இருந்த டாக்டர் தாமஸ் டிலோர்ம் இதைத்தான் கவனித்தார். சிறு வயதில் வாதக் காய்ச்சலில் படுத்து, பிறகு எடை தூக்கி உடம்பைத் தேற்றியவர் அவர். முழங்காலில் அடிபட்ட வீரர்களுக்கு அப்போதெல்லாம் லேசான சுமையைப் பல முறை தூக்க வைப்பார்கள். டிலோர்ம், 10 முறை மட்டுமே தூக்க முடிகிற கனத்தைக் கொடுத்தார். அது சுலபமானதும் கனத்தைக் கூட்டினார். 1945-ல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். இன்றைக்கு பிசியோதெரபி அறையிலும் ஜிம்மிலும் '10 தடவை, 3 செட்' என்று சொல்கிறார்களே, அதன் மூலம் அவர்தான்.

அம்மாவுக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. 3 சுற்று வந்தால்தான் 5 சுற்று. சித்திரையில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில். வைகாசியில் 1 லிட்டர். ஈரத்துண்டைப் பிழிவது. அடுத்து அரை வாளித் தண்ணீர். எங்கள் வீட்டிலும் சட்டம் மாறியது. அவர் கேட்காமல் யாரும் எதையும் பிடுங்கி வாங்கக் கூடாது. தம்பி மனைவிக்கு இது ரொம்பக் கஷ்டமாக இருந்தது. அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்கள், மாமியாரை வேலை வாங்குகிறாள் என்று சொல்ல மாட்டார்களா? சொன்னார்கள். அம்மாவே வாசலில் நின்று பதில் சொல்லிவிட்டார்.

எவ்வளவு வலி சரி, எவ்வளவு தப்பு என்பதற்கு எங்களுக்குச் சொல்லப்பட்ட கணக்கு இது. செய்யும்போது இழுக்கிற மாதிரி லேசான வலி இருக்கலாம், அது கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட வேண்டும். மறுநாள் காலையிலும் வலியோ வீக்கமோ கூடுதலாக இருந்தால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். நிறுத்தக் கூடாது. ஆனால் சில அறிகுறிகளில் பயிற்சி விளையாட்டே வேண்டாம், நேராக டாக்டரிடம் போய்விட வேண்டும். தாங்க முடியாத எரிச்சல் வலி, தொட்டாலே கூசுவது, கை பளபளவென்று நிறம் மாறி வீங்குவது, விரல்கள் மரத்துப்போவது, கட்டைவிரலைத் திடீரென்று தூக்க முடியாமல் போவது. மணிக்கட்டு முறிவுக்குப் பிறகு இவை வரக்கூடும். தாமதிக்கக் கூடாதவை. கட்டு இருக்கும்போதே விரல், முழங்கை, தோள்பட்டையை அசைத்துக்கொண்டிருக்கவும் வேண்டும். டாக்டர் எங்களிடம் அதைச் சொன்னாராம். யாருடைய காதிலும் விழவில்லை.

இடது கையையும் விடவில்லை. 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்துக்கு 3 நாளாவது தசைவலுவுக்கும் உடல் சமநிலைக்கும் சேர்த்துப் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது. அம்மா 2 வருடம் முன்னதாகவே தொடங்கிவிட்டார். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் 10 முறை எழுந்து உட்காருவது, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நிற்பது. இன்னொரு தடவை பாசியில் வழுக்காமல் இருக்கக் கை வலு போதாது, கால் வேண்டும். (பாசியைத் தம்பி பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துவிட்டான். அதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும்.)

ஆடி மாதம் மறுபடி அந்தக் கருவியைப் பிடித்தார். வலது கை 15 கிலோ. இடது 19. வலது கை இன்னும் 18-ஐத் தொடவில்லை. "இதுக்கு மேல வருமா?" என்று கேட்டேன். "இந்த முறிவுக்கு ஒரு வருஷம் வரைக்கும்கூட முன்னேற்றம் வந்துட்டே இருக்கும்க்கா. அம்மா விடாம இருந்தா" என்றார் பிசியோதெரபிஸ்ட்.

ஆவணியில் ஒரு கல்யாண ஆர்டர் வந்தது. 7 சுற்று கேட்டார்கள். அம்மா 5 சுற்றுதான் முடியும் என்று சொல்லி, எண்ணிக்கையையும் பாதியாகக் குறைத்துத்தான் ஒப்புக்கொண்டார். பக்கத்து வீட்டுப் பெண்ணைத் துணைக்கு வைத்துக்கொண்டு 2 நாளில் முடித்தார். தம்பி வீடியோ எடுத்து அனுப்பினான். முதல் 2 முறுக்கு கோணல். ஓரம் பிசிறு. மூன்றாவதிலிருந்து விரல் ஓடியது.

அன்று ராத்திரி போன் செய்தேன்.

"கை வலிக்குதாம்மா?"

"வலிக்குது. பொழுதன்னிக்கும் மாவைத் திருகினா வலிக்காதா? எப்பவும் வலிக்கிற வலிதான்" என்றவர், "சரி, வெச்சுடறேன். விளம்பரம் போட்டுட்டான். கரண்டி எடுக்கணும்" என்றார்.

"இன்னிக்குமா? அதான் நாளெல்லாம் முறுக்கு சுத்துனியே?"

"அது வேலைடி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.